ஆவுடையின் கால் பெருவிரல்

ஒரு ஊர்ல ஒரு பெருவிரல் இருந்துச்சாம்.

சிரிக்காத தங்கம், நெசமாத்தான். கால் பெருவிரல். ஆவுடைங்கிற பூக்காரியோட வலது கால்ல இருந்துச்சு. முப்பிடாதி அம்மன் கோயில் வாசல்ல உக்காந்து அவ பூக்கட்டுவா. வாழைநாரோட ஒரு நுனிய அந்தப் பெருவிரல்ல மாட்டிக்குவா. விரல் இழுத்துப் பிடிக்கும், ரெண்டு கையும் பூவை வச்சு முடிச்சுப் போடும். சரக், சரக், சரக்! கண்ணு ரோட்டுல போறவங்களப் பாக்கும், வாய் யாரையாவது வம்புக்கு இழுக்கும், பூச்சரம் அதுபாட்டுக்கு நீண்டுக்கிட்டே போகும். கட்டுற முதல் முழம் அம்மனுக்கு. மத்ததுதான் விக்கிறதுக்கு.

'ம்' கொட்டிக்கிட்டே கேளு. ஆங், அப்படித்தான்.

அப்புறம் ஒரு மழைநாள்ல ஆவுடை பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போனா. அங்க அடுக்கியிருந்த உருளைக்கிழங்கு மூட்டையெல்லாம் ஈரத்துல வழுக்கி, தட தட தடன்னு சரிஞ்சு, தொபீர்னு அவ கால் மேல! முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டாப் போச்சு. ஆஸ்பத்திரியில வச்சு, மாவுக்கட்டுப் போட்டு, வீட்டுக்கு அனுப்புனாங்க.

அப்போ கட்டில்லயே கிடந்தா. திரும்பிப் படுத்தாலும் வலி, தும்முனாலும் வலி. ஆனா விளக்கேத்துற நேரம் மட்டும் கையக் கூப்பிருவா. "தாயே, இன்னைக்குச் சாஞ்சு உக்காந்தேன். பக்கத்து வீட்டு மைமூன் அக்கா ஆட்டுக்கால் சூப் குடுத்தாங்க. இவரு எனக்குத் தலை வாரிவிட்டாரு. வகிடு கோணல்தான், ஆனாலும் வாரிவிட்டாரு. உனக்குக் கோடி புண்ணியம்"னு சொல்லுவா.

இவருன்னா யாரு? அவ வீட்டுக்காரர் சுடலைமுத்து. பாவம், கடையையும் அவர்தான் பாத்துக்கிட்டாரு. அவரு கட்டுன பூவப் பாத்துட்டு ஒரு அம்மா, "ஏ அண்ணாச்சி, இது பூவா, கீரைக்கட்டா?"ன்னு கேட்டாளாம். முதல் முழத்த மட்டும் விடாம அம்மனுக்குக் கொண்டுபோய்க் குடுத்தாரு. பூசாரி அதத் தூக்கிப் பாத்துட்டு, "ஆவுடை சீக்கிரம் வந்தா அம்மனுக்கு நல்லது வே"ன்னாராம்.

அப்புறம் மாவுக்கட்டப் பிரிச்சாங்க. டாக்டரம்மா, "எலும்பு நல்லா ஒட்டியிருக்கு. பெருவிரல மேல தூக்குங்க பாப்போம்"னாங்க. ஆவுடை பல்லக் கடிச்சா. மூச்ச அடக்குனா. ம்ஹூம். விரல் அசையவே இல்ல.

"மூட்டை விழுந்ததுல நரம்பு அடிபட்டிருக்கும்மா. இப்ப அது தூங்குது. முழிச்சுட்டா பழையபடி நடக்கலாம். முழிக்கலன்னா பாதம் இப்படித் தொங்கித்தான் கிடக்கும். வீட்ல தினமும் அதுக்கு ஏதாவது வேலை குடுங்க"ன்னாங்க.

அவ்வளவுதான். ஆவுடைக்கு நெஞ்சு பூரா அந்தப் பெருவிரல்தான். அசையுமா, அசையாதா?

பாக்க வந்த ஒரு பெரியம்மா, "எங்க ஓரகத்திக்கும் இப்படித்தான்டி ஆச்சு. கடைசிவரை எந்திரிக்கவே இல்ல"ன்னு மூக்கச் சிந்துனா. மைமூன் அக்காவுக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "காப்பி ஆறுது, குடிச்சுட்டுக் கிளம்புங்க. பஸ்ஸு போயிரும்!"

அந்தம்மா போனப்புறம் ஆவுடை கண்ணத் தொடச்சுக்கிட்டா. "ஏங்க, அந்த நாரையும் பூவையும் எடுத்துட்டு வாங்க. விரலுக்கு வேலைதான குடுக்கச் சொன்னாங்க? அதுக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணுதான்."

சுடலைமுத்து நார மாட்டிவிட்டாரு. ஆவுடை மெதுவா இழுத்தா. விரல் அப்படியே முன்னால சாஞ்சுச்சு. நார் சர்ர்ர்ருன்னு நழுவிருச்சு. பூவெல்லாம் பொலபொலன்னு மடியில.

தூங்கிட்டியா? இல்லையா, சரி.

அப்புறம் இன்னொரு நாள் உக்காந்தாங்க. இந்தத் தடவ சுடலைமுத்து விரலச் சேத்துப் பிடிச்சுக்கிட்டாரு. நார் நழுவல. அவருக்குச் சந்தோஷம் தாங்கல. "பாத்தியா, நிக்குது!" ஆவுடை சொன்னா, "இது உங்க பிடிங்க. கைய எடுங்க." எடுத்தாரு. சர்ர்ர்ரு! அன்னைக்கு அவ அழுதா. ஆனா விளக்கேத்துனதும், "தாயே, அழுறதுக்கு ஒரு தோள் குடுத்திருக்க"ன்னு அதுக்கும் கும்பிட்டா.

அப்புறம் தினமும் அதே வேலைதான். அவரு பிடிப்பாரு, அவ கட்டுவா, அவரு விடுவாரு, நழுவும். வாரம் போச்சு, மாசம் போச்சு. அம்மனுக்குக் கொடைவிழா நெருங்கிருச்சு.

அன்னைக்கும் அவரு விரலப் பிடிச்சிருந்தாரு. ஆவுடை பிச்சியும் மரிக்கொழுந்தும் வச்சுக் கட்ட ஆரம்பிச்சா. அப்போ மைமூன் அக்கா வந்து, "ஏட்டி, உன் வீட்டுக்காரர் நேத்து கடையில பூவோட தன் துண்டு நுனியையும் சேத்துக் கட்டிட்டாராம்! பூவ வாங்குன பொம்பள துண்டையும் சேத்து இழுத்துட்டுப் போறாளாம்!"னு சொன்னாங்க. ஆவுடைக்குச் சிரிப்பு அடங்கல. சிரிச்சுக்கிட்டே கட்டுறா. சரக், சரக், சரக். "துண்டு முழம் என்ன விலைன்னு கேட்டாளா அக்கா?" சரக், சரக்.

சுடலைமுத்து மட்டும் சிரிக்காம அவ காலையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"என்னங்க, கோவமா?"

"ஆவுடை... நான் பிடிக்கல."

"என்னது?"

"விரல. அக்கா துண்டுக் கதையச் சொன்னப்பவே கைய எடுத்துட்டேன்."

"நீங்க பிடிக்கலன்னா, பிறகு யாரு பிடிச்சிருக்கா?"

குனிஞ்சு பாத்தா. பெருவிரல் விறைப்பா, சேவல் கொண்டை மாதிரி நிமிந்து, நாரப் பிடிச்சிருந்துச்சு! லேசா நடுங்குது, ஆனா விடல. ஆவுடை நார மெல்ல ஒரு சுண்டு சுண்டுனா. விரல் பதிலுக்கு ஒரு இழு இழுத்துச்சு. மைமூன் அக்கா "யா அல்லா"ன்னாங்க, ஆவுடை "என் தாயே"ன்னா, சுடலைமுத்து அந்தக் காலத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாரு.

அந்த முழத்தப் பிரிச்சுக் கட்டல. அப்படியே அம்மனுக்குக் குடுத்துவிட்டா. அவரு பிடிச்ச பாதி தளர்ச்சியா, விரல் பிடிச்ச பாதி இறுக்கமா இருந்துச்சு. விரல் எந்தப் பூவுல முழிச்சுச்சுன்னு தொட்டாலே தெரியும்.

கொடைக்கு அவ கம்ப ஊனி, நொண்டி நொண்டி நடந்தே போனா. ஒவ்வொரு எட்டுக்கும் நின்னு மூச்சு வாங்குனா. "வலிக்குதா?"ன்னு கேட்டாரு அவரு. "வலிக்குதுங்க, நல்லா வலிக்குது. பாதத்துல உணர்ச்சி வந்துருச்சு"ன்னு சிரிச்சா.

அவ்வளவுதான் தங்கம். ஆவுடை கால் முழிச்சாச்சு, அவ கும்பிட்டாச்சு. நீயும் ஒரு கும்பிடு போட்டுட்டு, கண்ண மூடு.