சத்தம் போட்ட பெட்டி

"டீச்சர், பெட்டி செத்துப்போச்சு. அந்த அம்மாட்ட எப்படிச் சொல்லட்டும்?"

கேட்டவர் சூசைநாயகம். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொள்ள இந்தக் கடைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது.

அவர் டீச்சர் என்று கூப்பிட்டது கடைக்காரி பிரிஜிட்டாவை. எட்டாம் வகுப்பில் பேசினாள் என்று அவரே வெளியே நிறுத்திய பிள்ளை. இன்றைக்கும் அவள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவாள்.

"செத்துப்போச்சுன்னு யார் சொன்னா சார்?"

"நான்தான் சொல்லுதேன். பெரிய ஹார்டு டிஸ்க் மாட்டினேன், திரையில ஒண்ணும் வரல. கழட்டிட்டுப் பழசையே மாட்டினேன். அப்பவும் வரல. மதர்போர்டு போயிருக்கும்."

பிரிஜிட்டா வாசலைப் பார்த்தாள்.

வாசல் பெஞ்சில் லூர்தம்மாள், மடியில் மஞ்சள் பையோடு. கோயில் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவள். காலையில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பழைய பெட்டின்னாலே டிஸ்க்தாம்மா கோளாறு. நீங்க உட்காருங்க" என்று உட்கார வைத்தவர் சூசைநாயகம்.

பெட்டிக்குள் இருந்தது கல்லறைகளின் பட்டியல். கடல் காற்றில் மரச்சிலுவைகள் இற்றுப்போய்விடும். வசதியில்லாதவர்களின் குழிகளில் நம்பர் கல் மட்டும்தான் மிச்சம். எந்த நம்பரில் யார் என்பதைப் பதினோரு வருஷமாக ஒற்றை விரலால் தட்டி வைத்திருந்தாள். வேறு பிரதி கிடையாது. டிஸ்க்கும் அந்தக் காலத்துப் பட்டைக் கேபிள் வகை. கடையில் வேறெந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறாது.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தியும் பூவுமாக ஊரே வரும். மும்பையிலிருந்து வந்து நிற்பவர்கள், எங்க அம்மா எங்கே என்று அவளைத்தான் கேட்பார்கள்.

பிரிஜிட்டா பெட்டிப் பக்கம் திரும்பினாள்.

"சார், பெட்டி உங்ககிட்ட என்ன சொல்லிச்சு?"

"பெட்டி என்னத்தைச் சொல்லும்?"

"சத்தம்கூடப் போடலையா?"

"அது போட்டுது. பீப் பீப்னு, விடாம. மனுஷனை யோசிக்கவே விடல. உள்ளே குட்டியா ஒரு ஸ்பீக்கர் இருக்குல்லா, அதோட வயரை உருவி விட்டேன். அப்புறம்தான் அமைதியாச்சு."

பிரிஜிட்டா சிரிக்கவில்லை. அவள் நல்ல பிள்ளை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"வயரை மாட்டுங்க சார்."

மாட்டினார்.

"இப்போ ஆன் பண்ணிட்டு, கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

அவருடைய வகுப்பில் பிள்ளைகள் எப்படி நின்றார்களோ அப்படியே நின்றார். பெட்டி கத்தியது. கொஞ்சம் ஓய்ந்தது. மறுபடி கத்தியது.

"எத்தனை?"

"மூணு. கொஞ்சம் விட்டு, மறுபடி மூணு."

"இந்தப் பெட்டியில மூணுன்னா, ரேம் சரியா உட்காரலன்னு அர்த்தம். டிஸ்க்கை நுழைக்கும்போது உங்க கை இடிச்சிருக்கும்."



பிரிஜிட்டா சுவிட்சை அணைத்து, ரேம் என்ற அந்த நீளப் பச்சைப் பட்டையை வெளியே எடுத்தாள். "ரப்பர் இருக்கா சார்?"

இருந்தது. ஓய்வு பெற்றும் அவர் சட்டைப் பையில் பென்சிலும் ரப்பரும் இல்லாத நாள் கிடையாது.

"நீங்களே தேயுங்க."

பட்டையின் ஓரத்துப் பொன் நிறக் கோடுகளை மெல்லத் தேய்த்து, ஊதி, பழைய இடத்தில் செருகி, இரண்டு பக்கமும் கிளிக் என்று கேட்கும்வரை அழுத்தினார். ஆன் செய்தார்.

ஒரே ஒரு பீப்.

திரையில் வெளிச்சம் வந்தது. பிரிஜிட்டா பட்டியலைத் திறந்தாள். பெயர்கள் வரிசையாக வந்தன. நடுவில் ஒன்று:

214. பெயர் தெரியாத பையன். கடலில் கிடைத்தான். வேம்புக்குப் பக்கம்.

சூசைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுதார் என்றே சொல்லிவிடலாம்.

மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார். "எட்டாம் வகுப்புல உன்னை வெளியே நிறுத்தினேனே, அன்னைக்கு என்ன பேசிக்கிட்டு இருந்த?"

"அதெல்லாம் இப்போ எதுக்கு சார்? வெளியே ஒருத்தங்க காலையில இருந்து உட்கார்ந்திருக்காங்க."

அவர் வாசலுக்குப் போனார். லூர்தம்மாள் எழுந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"பெட்டி ஓடுதும்மா. எல்லாப் பேரும் இருக்கு."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சூசைநாயகம் உள்ளே திரும்பப் போனவர் நின்றார். வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவளையும் உட்காரச் சொன்னார்.

"காலையில என்னமோ சொல்ல வந்தீங்களே."

"பரவாயில்ல சார். நீங்க படிச்சவங்க."

"சொல்லுங்கம்மா. கேக்கேன்."

லூர்தம்மாள் மஞ்சள் பைக்குள் கையை விட்டாள். வயரைச் சுற்றி வைத்திருந்த பழைய மவுஸ் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுதான் நகர மாட்டேங்கு சார். அதுக்குத்தான் வந்தேன்."