கேழ்வரகுக் குழி

"டேய் திம்மா, பதில் சொல்லுடா."

முனிராசு தானியக் குழிக்குள் கத்தினான். பதில் வரவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டி இறங்கப் போனான். மடத்துக் குரு அவன் இடுப்பைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார்.

"விடுங்க சாமி. நான் மூச்சடக்கிட்டுப் போயிடுவேன். மடத்துல என் அளவுக்கு எவன் அடக்குவான்?"

"அடக்கு. அவனைத் தூக்கும்போது மூச்சு வாங்காதா?"

முனிராசு மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டான்.

குரு விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஓர் ஆள் உயரம்கூடப் போகவில்லை. காற்றே அடிக்கவில்லை. விளக்கு தானாக அணைந்தது.

வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் அடித்தார்கள். உள்ளே காற்று கலந்து, விளக்கு அணையாமல் நின்ற பிறகு குருவே இறங்கினார். திம்மராயனைத் தூக்கி வந்தார். செத்துப் போயிருந்தான்.

நடந்தது இதுதான். ஊரில் மழை இல்லை. மடத்து வாசலில் ஜனம் தட்டோடு உட்கார்ந்திருந்தது. போன வருஷம் குழியில் கொட்டி, கல் வைத்து, மண் பூசி மூடிய கேழ்வரகை எடுக்கச் சொன்னார் குரு.

"திறந்ததும் விளக்கை இறக்கு. அணைஞ்சா ஒருத்தனும் இறங்கக்கூடாது."

இதை முனிராசிடம்தான் சொன்னார்.

முனிராசு வருஷக்கணக்காக மூச்சுப் பழகுகிறவன். விளக்கெல்லாம் காற்றைப் பற்றித் தெரியாதவனுக்கு என்று நினைத்தான். குழி வாயில் தலையை நீட்டி ஒரு மூச்சு இழுத்தான். நாற்றம் எதுவும் இல்லை.

"காத்து சுத்தமா இருக்கு. இறங்கு."

"மூக்காலயே சோறு திங்கிறவன் நீ. நீ சொன்னா சரிதான்," என்று சிரித்தபடி கூட இருந்த சீடன் திம்மராயன் இறங்கினான்.

திம்மராயனைப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

"குழியில இருந்த நல்ல காத்தை எவன் தின்னான் சாமி?" என்று கேட்டான் முனிராசு.

குரு ஒரு படி கேழ்வரகை நனைத்து, துணியில் இறுக்கிக் கட்டி அவன் கையில் கொடுத்தார்.

"வச்சிரு."

கேழ்வரகு முளை விட்டதும் குரு வந்தார்.

"உள்ள விரலை விடு."

விட்டான். வெதுவெதுவென்று இருந்தது.

"வெயில்ல வச்சியா?"

"இல்ல சாமி. அடுப்புகிட்டயும் வைக்கல."

"அப்புறம் எப்படிச் சூடு?"

முனிராசு யோசித்தான்.

"உசுரோட இருக்கு. தனக்குள்ள இருக்கிற மாவை எரிக்குது."

"காத்து இல்லாம எரியுமா?"

"எரியாது."

"காஞ்ச கேழ்வரகுக்கும் உசுரு உண்டு. மெதுவா எரிக்கும். மூடின குழிக்குள்ள ஒரு வருஷம்."

முனிராசு துணியிலிருந்து விரலை எடுத்தான்.

"இதுதான் தின்னுச்சா?"

"தின்னுட்டு, கழிச்ச காத்தை அங்கேயே விட்டுச்சு. அது கனம். அடியில தங்கும். குழி வாயில மோந்து பார்த்தா தெரியாது."

"நான் மூச்சுப் பழகினவன் சாமி."

"என்ன பழகினே? கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறையால கட்டின உடம்பு இது. ஒவ்வொரு அறையிலயும் நீ குடிச்ச கூழ் எரியுது. மூச்சு அதுங்களுக்குத்தான். மூக்கு வெறும் வாசல். நீ வாசலைச் சாத்திட்டு அடக்கிட்டேன்னு நினைச்சே."

அன்றும் அந்தக் குழிக் கேழ்வரகில்தான் கூழ் காய்ச்சினார்கள். வாசலில் இருந்த ஜனம் குடித்தது. குரு ஒரு கலயத்தைக் கொண்டுவந்து முனிராசு முன்னால் வைத்தார். திம்மராயன் செத்ததிலிருந்து அவன் சாப்பாட்டைத் தொடவில்லை.

"குடி."

"எப்படி சாமி இறங்கும்?"

"நீ குடிக்கலைன்னா அந்த அறைங்க சும்மா இருக்காது. உன் கொழுப்பை எரிக்கும். அப்புறம் சதையை எரிக்கும். அதுங்களுக்குத் துக்கம் தெரியாது. குடி."

முனிராசு கலயத்தை இரண்டு கையாலும் எடுத்தான்.

வெதுவெதுவென்று இருந்தது.

முளைகட்டிய துணிக்குள் விரலில் பட்ட அதே சூடு. கீழே வைத்துவிட்டான்.