தர்க்கத்தின் பெஞ்சு

முன்னொரு காலத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. ஆசிரியராகவோ சமூகப் பணியாளராகவோ ஆக நினைப்பவர்கள் பட்டப்படிப்பில் சேரும் முன் அங்கே ஓராண்டு ஓர் அடிப்படைப் பாடம் படிக்க வேண்டும். பாடம் தேர்ந்தெடுக்கும் நாளில் பாடங்களே பெரிய மண்டபத்துக்கு வந்து ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் பிடித்த பாடத்தின் பக்கத்தில் போய் உட்கார வேண்டியதுதான். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது யார் எந்தப் பெஞ்சில் இருக்கிறார்களோ, அதுதான் அவர்களுடைய பாடம். ஒருவர்கூட உட்காராத பாடத்தை அன்றோடு மூடிவிடுவார்கள்.

தூணுக்குப் பின்னால் மூலையில் உட்கார்ந்திருந்தது தர்க்கம். காலையிலிருந்து அதன் பெஞ்சுக்கு ஓர் ஈ காக்கைகூட வரவில்லை.

தப்பு அதன் மேலும் உண்டு. சும்மா தலையாட்டிவிட்டுப் போக அதற்குத் தெரியாது. "எல்லாரும் எடுக்கிறாங்க, அதனால நானும்" என்று யாராவது சொன்னால், "அதெப்படி?" என்று கேட்டுவிடும். அப்படிக் கேட்கிறவர் பக்கத்தில் ஒரு வருஷம் யார் உட்காருவார்கள்?

எதிரே உளவியலின் பெஞ்சில் தள்ளுமுள்ளு. பஸ்ஸில் ஜன்னல் வழியாக இடம் போடுவதுபோல, வராத தோழிகளுக்கெல்லாம் கைக்குட்டை போட்டு வைத்திருந்தார்கள். உளவியல் எல்லாரையும் பார்த்து, "உங்க மனசு எனக்குப் புரியுது" என்று சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெஞ்சின் ஓரத்தில் சகாயராணி என்ற பெண் உட்காரப் போனாள்.

"ஏய், இங்க ஆள் வருது."

தள்ளிப் போனாள். "அங்கயும் ஆள் வருது!"

அவள் காப்பகத்தில் வளர்ந்தவள். அவளுக்காக ஓர் இடத்தில் கைக்குட்டை போட்டு வைக்க இந்த உலகத்தில் யாரும் கிடையாது. வாயைத் திறந்து சண்டை போடவும் வராது. நேரே மூலைக்கு வந்து தர்க்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கையில் கசங்கிப்போன தன் நீலக் கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தர்க்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் பழக்கம் விடுமா?

"ஏன் இங்கே வந்தாய்?" என்று கேட்டது.

"இங்கதான் யாரும் இல்ல. யார்கிட்டயும் பேச வேண்டாம்."

"படித்து என்ன ஆகப் போகிறாய்?"

"எங்க காப்பகம் மாதிரி இடத்துல வேலைக்குப் போகணும்." அவள் குரல் இறங்கிப் போனது. "கிறிஸ்மஸ் வந்தா நிறையப் பேரு வருவாங்க. கேக் குடுத்து போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க. ஒரே ஒரு அக்கா மட்டும் பக்கத்துல உக்காந்து, 'உனக்கு ராத்திரி தூக்கம் வருதா'ன்னு கேட்டாங்க. நான் அந்த அக்கா மாதிரி ஆகணும்."

"அந்த வேலைக்குப் புது ஆட்களிடம் பேச வேண்டுமா?"

"ஆமா."

"என் பெஞ்சில் ஒரு வருஷம் பேசாமல் இருந்தால் பேச வருமா?"

சகாயராணி மடியிலிருந்த கைக்குட்டையை விரலில் சுற்றினாள். அவள் சொல்லாவிட்டாலும் தர்க்கத்துக்கு முடிவு தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்ள முடிந்திருந்தால் அது பிழைத்துக்கொண்டிருக்கும்.

மண்டபத்தின் வாசலருகே தன் பெஞ்சுக்குப் பக்கத்தில் களப்பணிப் பாடம் நின்றிருந்தது. அது ஓரிடத்தில் உட்காராது. செருப்பெல்லாம் செம்மண், தொண்டை கட்டிய குரல். "கர்ச்சீப்பை எடுங்கப்பா! இங்க இடம் போடுற வேலையெல்லாம் கிடையாது. வந்தவங்க உக்காருங்க, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேசுங்க!"

"நீ அங்கே போ," என்றது தர்க்கம்.

"எனக்குப் பயமா இருக்கு."

"தெரியும். அதனால்தான் சொல்கிறேன்."

அவள் எழுந்தாள். எழுந்தவள் வெறும் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். "நான் போயிட்டா உங்களை மூடிருவாங்களே?"

"சாப்பாட்டுக்கு மேல் ஆட்கள் வருவார்கள். கவலைப்படாதே."

தர்க்கம் சொன்ன முதல் பொய் அது. பழக்கமில்லாத வேலை, அதனால் பொய்யிலும் ஓட்டை. சகாயராணி ஒரு கணம் நின்றாள். பிறகு வாசல் பக்கம் நடந்து, கூட்டத்தின் நடுவே உட்கார்ந்தாள். மணி அடித்தது.

அட்டெண்டர் இசக்கி வந்து மூலைப் பெஞ்சைப் பார்த்தார். "சரிதான், இந்த வருசம் இதுக்கா?" என்று முனகியபடி பெஞ்சை இழுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டு ஸ்டோர் ரூமில் தள்ளினார். பெஞ்சோடு தர்க்கமும் போனது.

அங்கே கால் உடைந்த நாற்காலிகளும் பழைய கரும்பலகைகளும் கிடந்தன. அவை ஒன்றும் பேசவில்லை. தர்க்கத்துக்கு அழுகை வந்தது. அழுவதற்குக் காரணம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தது. இருந்தது. அழுதது.

அழுது முடித்தபோதுதான் பெஞ்சின் மறுகோடியில் நீலக் கைக்குட்டை கிடப்பதைக் கவனித்தது. இனி இதை அவளிடம் எப்படிச் சேர்ப்பது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

சாயங்காலம் கதவு திறந்தது. சகாயராணி நின்றிருந்தாள்.

"இந்த இடம் உனக்கு எப்படித் தெரியும்?"

"இசக்கி அண்ணன்கிட்ட கேட்டேன்," என்றாள். முன்பின் தெரியாத ஒருவரிடம் தானாகப் போய் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. "சாப்பாட்டு மணியோட எல்லாம் முடிஞ்சிரும். அப்புறம் எப்படி சாப்பாட்டுக்கு மேல ஆள் வரும்? பொய்தானே சொன்னீங்க?"

தர்க்கம் தலையைக் குனிந்துகொண்டது. பேச்சை மாற்ற அதற்கு வேறு வழி தெரியவில்லை.

"உன் கைக்குட்டையை இங்கே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாய்."

சகாயராணி அந்தக் கைக்குட்டையை எடுத்துவிட்டு, அது கிடந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"மறக்கல. இடம் போட்டுட்டுப் போனேன்."