நரிக் கல்யாண ரயிலில் மூன்று தாய்மாமன்கள்

கடவுள் எல்லாரையும் ஒரே மண்ணில்தான் பிசைந்தார் என்பார்கள். கொக்கராம்பட்டி அண்ணன் தம்பி மூவரையும் பிசைந்துகொண்டிருந்தபோது மட்டும் வாசலில் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். பாதியில் எழுந்து போய்விட்டார். நல்ல மனசு வைத்திருந்தார், நல்ல உடம்பு வைத்திருந்தார், நல்ல பசியும் வைத்திருந்தார். மிச்சத்தை வந்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ, மறந்துபோச்சு.

மூத்தவர் மாயழகு, நடுவில் உள்ளவர் தவசி, இளையவர் சீனிச்சாமி. மூவருக்கும் ஒரே தங்கச்சி பாக்கியம். பாக்கியத்தின் மகள் வேணியைக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளைக்கு ஜப்பானில் ஒரு மலையடிவாரத்து ஊரில் வேலை. வேணிக்கு இப்போது ஏழாம் மாதம். வளைகாப்புக்குத் தாய்மாமன் கொண்டுவருகிற வளையலைத்தான் முதலில் போட வேண்டும், அதுதான் அவர்கள் முறை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பாக்கியம் முன்னாடியே போயிருந்தாள். மாமன்மார் மூவரும் வளையல் பெட்டியோடு பின்னால் விமானம் ஏறினார்கள்.

மாப்பிள்ளை விமான நிலையத்துக்கு வந்து அழைத்தார். அவர் காரில் வளைகாப்புக்கு வேண்டிய பாத்திரம் பண்டமெல்லாம் ஏற்றியாகிவிட்டது, மூன்று மாமன்மாருக்கு இடமில்லை. "நீங்க ஊரைப் பார்த்துக்கிட்டே ரயில்ல வாங்க மாமா, நல்லா இருக்கும்" என்று புகை விடுகிற பழைய காலத்து ரயில் ஒன்றில் ஏற்றிவிட்டுப் போனார்.

வேணி போனில் கூப்பிட்டாள். "மாமா, மூணே விஷயம். மத்தவங்க என்ன செய்றாங்களோ அதையே நீங்களும் செய்யுங்க. சத்தம் வரக்கூடாது, இங்க ரயில்ல யாரும் சத்தம் போட மாட்டாங்க. நடுவுல நிறைய ஸ்டேஷன் வரும், நான் வந்து கூப்பிட்டாத்தான் இறங்கணும்."

பாக்கியம் போனைப் பிடுங்கினாள். "அண்ணே, வளையல் பத்திரம். ஒண்ணுகூட உடையக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது. இன்னிக்குப் புதன்கிழமை, பன்னிரண்டுக்கு மேல ராகுகாலம். அதுக்குள்ள அவ கையில வளையல் ஏறியாகணும். என் சாமியில்ல!"

"நீ கவலைப்படாதே தங்கச்சி" என்றார் மாயழகு. அவர் அப்படிச் சொல்லும்போதுதான் பாக்கியத்துக்குக் கவலை வரும்.

ரயில் கிளம்பியது. எஞ்சின் முகத்தில் நரியின் மூக்கு, பெட்டியெல்லாம் சிவப்புத் தோரணம். வேலை செய்கிற பெண்கள் தலையில் நரிக்காது மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு பெண் இவர்களிடம் வந்து குனிந்து வணங்கி, கையிலிருந்த போனில் அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். போன் அதைத் தமிழில் சொன்னது. "வணக்கம். இது நரிக் கல்யாண ரயில். நீங்கள் அனைவரும் மணமகளின் உறவினர்கள்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நரி நமக்கு எந்த வழியில உறவு?" என்றார் தவசி.

"அம்மா வழியாத்தான் இருக்கும். அப்பா வழியில எல்லாரையும் எனக்குத் தெரியும்" என்றார் மாயழகு.

"அப்ப மாப்பிள்ளை யாரு அண்ணே?" என்றார் சீனிச்சாமி.

"இதென்னடா கேள்வி? வெயிலடிச்சு மழை பேஞ்சா யாருக்கும் யாருக்கும் கல்யாணம்? காக்காவுக்கும் நரிக்கும். மாப்பிள்ளை காக்காதான். எங்கன்னு கேளு."

கேட்டார்கள். அந்தப் பெண் தயங்கினாள். "மன்னிக்கவும். காகம் இல்லை" என்றது போன்.

மாயழகு தம்பிகளை அருகில் இழுத்துக்கொண்டார். "கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளையைக் காணோமாம்டா. பாவம், பொண்ணு வீட்டுக்காரங்க வெளியில காட்டிக்காம சிரிச்ச முகமா நிக்கிறாங்க பாரு. சீனி, நீ ஜன்னல்ல தலையை விட்டு, காக்கா எதுவும் பறந்து வருதான்னு பார்."

உறவுமுறை ஆகிவிட்டதால் சீனிச்சாமி மறுக்காமல் தலையை வெளியே நீட்டினார்.

அந்தப் பெண் எல்லார் கன்னத்திலும் சிவப்பு மையால் நரி மீசை வரைந்துகொண்டு வந்தாள். மத்தவர்கள் வரைந்துகொண்டார்கள், இவர்களும் வரைந்துகொண்டார்கள். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. ரயில் மலைப்பாதையில் ஏறிக் குலுங்கியபோதுதான் மடியிலிருந்த பெட்டிக்குள் வளையல்கள் கலகலத்தன.

"அண்ணே, உடைஞ்சிரும்" என்றார் தவசி.

"துணியில சுத்தலாமா?" என்றார் சீனிச்சாமி, வெளியிலிருந்தபடியே.

மாயழகு கண்ணை மூடி யோசித்தார். "உங்க அண்ணி வளையல் போட்டுக்கிட்டு மாவாட்டுறா, துணி துவைக்கிறா. கோவம் வந்தா என் முதுகுல நாலு வைக்கிறா. ஒண்ணாவது உடைஞ்சிருக்கா?"

"இல்லை."

"பெட்டியில வச்ச வளையல்தான்டா உடையுது. கையில போட்ட வளையல் உடையுறதில்லை."

"உங்க முதுகுலயே உடையலைன்னா ரயில்ல எப்படி அண்ணே உடையும்?" என்று தவசி மெய்சிலிர்த்துப்போனார்.

வேணியின் கை முருங்கைக்காய் மாதிரி. இவர்கள் கை பூசணிக்காய் மாதிரி. கை கழுவுகிற இடத்திலிருந்து சோப்பு நுரையைக் கொண்டுவந்து, ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து, பல்லைக் கடித்து, முருகா முருகா என்று ஒவ்வொன்றாய் ஏற்றினார்கள். சிவப்பும் பச்சையுமாக மூன்று பேர் கையிலும் முழங்கைவரை ஏறிவிட்டது. ஒன்றுகூட உடையவில்லை. அந்த முருகன் யாரைத்தான் கைவிட்டான்?

ரயில் வயல்வெளிக்கு வந்தது. அந்த ஊர் வழக்கம், புகை ரயில் போனால் வயலில் நிற்பவர்கள் கையாட்டுவார்கள், ரயிலில் இருப்பவர்களும் ஆட்டுவார்கள். எல்லாரும் ஆட்டினார்கள். மாமன்மாரும் ஆட்டினார்கள். கலகலகலவென்ற சத்தத்தில் ரயில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, சத்தம் வரக்கூடாதுன்னு வேணி சொல்லியிருக்கு" என்றார் சீனிச்சாமி.

"மத்தவங்க செய்றதைச் செய்யணும்னும் சொல்லியிருக்கே. எதைடா விடுறது?"

கொஞ்ச நேரம் கனத்த யோசனை. கடைசியில் தவசிதான் வழி கண்டார். "கை அசையாம நிக்கட்டும். உடம்பு ஆடட்டும்."

மூவரும் இரண்டு கையையும் கம்பம் போல மேலே தூக்கிக்கொண்டு, இடுப்பிலிருந்து இடதும் வலதுமாக ஆடினார்கள். சீனிச்சாமிக்கு மட்டும் தலை வெளியே, மிச்சம் உள்ளே ஆடியது. எதிரே உட்கார்ந்திருந்த வயதான தம்பதி மரியாதை தெரிந்தவர்கள். வெளிநாட்டு விருந்தாளிகளின் வணக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவர்களும் கையைத் தூக்கி ஆடினார்கள். பின்னால் இருந்த பிள்ளைகள் ஆடினார்கள். பெட்டி முழுக்க ஆடியது.

"பார்த்தியா, மத்தவங்க செய்றதைத்தான் நாமளும் செய்றோம்" என்று மாயழகு நிம்மதியாக மூச்சுவிட்டார்.

போன் மறுபடி பேசியது. "சுரங்கம் வருகிறது. புகை வரும். ஜன்னலை மூடுங்கள்."

தவசி உடனே மூடினார். தம்பியின் கழுத்துவரைக்கும்தான் மூட முடிந்தது. தலையை உள்ளே எடுக்கும்படி யாரும் சொல்லவில்லையே. சுரங்கம் தாண்டி வெளிச்சம் வந்ததும் சீனிச்சாமி தலையை உள்ளே இழுத்தார். கண்ணும் பல்லும் வெள்ளை, பாக்கியெல்லாம் கரி.

பெட்டியில் எல்லாரும் கைதட்டினார்கள். மாயழகு தம்பியின் தோளைப் பிடித்து, "தவசி, காக்கா வந்திருச்சுடா" என்றார்.

"அண்ணே, நான் சீனி!"

"நீதான்டா மாப்பிள்ளை."

"ஐயோ, என் வீட்டுக்காரி மேகலா கேட்டா என்னைக் கொன்னுபோட்டுருவா அண்ணே!"

"அவகிட்ட நாங்க சொல்லலை. பொண்ணு வீட்டுக்காரங்களும் பார்க்க நல்ல மாதிரியாத்தான் தெரியுறாங்க" என்று தவசி அவரைத் தேற்றினார்.

கடைசி ஸ்டேஷன் வந்தது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பிளாட்பாரத்தில் பட்டுப்புடவையோடு நின்ற பாக்கியம் ஜன்னல் ஜன்னலாகத் தேடி, இவர்களைக் கண்டுபிடித்தாள்.

"அண்ணே! இறங்குங்க, நேரமாச்சு!"

"நீ கூப்பிட்டா எப்படிம்மா இறங்குறது? வேணி வந்து கூப்பிட்டாத்தான் இறங்கணும்."

"அவ எதிர் மண்டபத்துல மணையில உட்கார்ந்திருக்கா. உட்கார்ந்த பிள்ளையை எப்படி எழுப்புறது?"

"எழுப்பாதே. எல்லாம் முடிஞ்சதும் மெதுவா வரட்டும். நாங்க எங்க போகப்போறோம்?"

"நீங்க வளையல் கொண்டுவராம எப்படி முடியும்?"

மாயழகு மற்ற இருவரையும் பார்த்தார். இருவரும் தலையாட்டினார்கள். "அதையும் வேணியே வந்து சொல்லட்டும்."

பாக்கியம் கும்பிட்டாள், அழுதாள், ஸ்டேஷன் மாஸ்டர் வந்து குனிந்து குனிந்து வேண்டினார். இவர்களும் குனிந்து குனிந்து மறுத்தார்கள். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை வேணியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இறங்குங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் மூவரும் கீழே நின்றார்கள்.

அப்போதுதான் பாக்கியம் நன்றாகப் பார்த்தாள். நரி மீசை இரண்டு. கரி முகம் ஒன்று. வளையல் அத்தனையும்.

"ஒண்ணுகூட உடையலை தங்கச்சி" என்றார் மாயழகு.

எண்ணெய் தடவினார்கள், சோப்பு போட்டார்கள், ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இழுத்துப் பார்த்தார். வீங்கிய கையிலிருந்து ஒரு வளையல் நகரவில்லை. உடைக்கவும் கூடாது. பன்னிரண்டு அடிக்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. பாக்கியம் வானத்தைப் பார்த்து, "மாரியாத்தா, இதுக்கு மேல உன் பொறுப்பு" என்றாள்.

மாயழகுதான் வாய் திறந்தார். "அழாதே தங்கச்சி. வளைகாப்புன்னு ஏறின வளையலைப் பிள்ளை பிறக்காம கழட்டக்கூடாது, அதுதானே முறை? வேணிக்கு உன் கையில இருக்கிறதைப் போடு. எங்களுக்கு ஏறிருச்சு. மத்ததைச் செஞ்சு முடி."

பாக்கியம் தன் கைவளையலைக் கழற்றி, மூன்று மாமன்மார் கையாலும் தொடவைத்து, வேணிக்குப் போட்டுவிட்டாள். வளையல் ஏறியதும் ஊர் மணி பன்னிரண்டு அடித்தது. முறை முறைதானே, வளையல் போட்ட மற்ற மூவரையும் மண்டபத்தில் வேணிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, ஆரத்தியும் சுற்றினாள். வேணி சிரித்த சிரிப்பில் வயிற்றுப் பிள்ளை இரண்டு முறை புரண்டதாம்.

ஊருக்குத் திரும்புகிற நாளில் மூவரும் அதே ரயிலுக்கு வந்தார்கள். பெட்டி படுக்கையெல்லாம் மாப்பிள்ளை தலையில். வளைகாப்பு முடிந்தவர்கள் கனம் தூக்கக்கூடாதே. அந்த வளையலுக்கு என்ன அர்த்தம் என்பது அதற்குள் அந்த ஊர் முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. நரிக்காது வைத்த பெண் ஓடிவந்து, கர்ப்பிணிகளுக்கென்று ஒதுக்கிய இருக்கையில் மூவரையும் உட்காரவைத்து, முதுகுக்கு ஒவ்வொரு தலையணை வைத்தாள். அவள் போன் கேட்டது. "வாழ்த்துகள். எத்தனையாவது மாதம்?"

"மூணு பேருக்கும் ஏழுன்னு சொல்லுங்க அண்ணே" என்றார் தவசி.

"அதெப்படிடா? மூத்தவன் நான் இருக்கும்போது உங்களுக்கும் எனக்கும் ஒண்ணாவா? எனக்கு எட்டு, உனக்கு ஏழு, சீனிக்கு ஆறு. வரிசை தப்பக்கூடாது." பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "அம்மா, ரயிலைக் கொஞ்சம் குலுங்காம ஓட்டச் சொல்லுங்க" என்றார்.

சொன்னார்கள். அன்றைக்கு அந்த ரயில் மலையிறங்கி வருகையில், சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் அதை முந்திக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி இறங்கி, ரயில் வந்து சேரும்வரை காத்திருந்து, மூன்று தாய்மாருக்கும் குனிந்து வணங்கிவிட்டு, மறுபடி ஏறி முந்திப்போனார்.