வெல்மார் பிரபு ஊர் காட்டிய கதை

வெல்மார் பிரபு என்று இங்கிலாந்தில் ஒருத்தர். வெல்மார் ஒரு கடலோரக் கிராமம். அங்கே அவர் கால் வைத்ததே கிடையாது. கடல் ஊரை அரிக்கிறது, தடுப்புச்சுவர் வேண்டும் என்று ஊரார் போய் அழுதார்கள்.

"பட்டத்துலதான் ஊர்ப் பேர் இருக்கு. ஊர் என்னுது இல்ல" என்று விரட்டிவிட்டார்.

சில வருஷம் கழித்து, விருந்தாளிகளிடம் ஊரைக் காட்டிப் பெருமையடிக்க அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து ஊர்க் கரையில் நின்ற படகுக்காரி ஹெஸ்டரை அதட்டினார்.

"என் ஊருக்குக் கூட்டிட்டுப் போ!"

எல்லாரையும் ஏற்றிக்கொண்டு நடுக்கடலில் துடுப்பை நிறுத்தினாள்.

"ஊர் வந்துடுச்சு பிரபுவே, இறங்குங்க."

"வெறும் தண்ணிதானே இருக்கு!"

"பேர் மட்டும் உங்களுதுன்னீங்க. மிச்சத்தைக் கடல் எடுத்துக்கிச்சு."

விருந்தாளிகள் தலைகுனிந்தார்கள். பிரபு வெளிறிப்போனார்.

"வீட்டுக்குத் திருப்பு!"

"உங்க வீட்டுக்குத் திருப்பறேன் ஐயா. என் வீடு இந்தப் படகுக்கு அடியில இருக்கு."