ஆடலுகந்தாரின் பலகைக்கு மெழுகிட்ட சாத்தையனார்

புன்கமங்கலம் என்னும் ஊரில் செக்காட்டிப் பிழைத்து வந்தார் சாத்தையனார். மாட்டைச் செக்கில் பூட்டுவார். பொழுது சாயும்வரை அதன் பின்னாலேயே சுற்றி வருவார். உடம்பெல்லாம் பிண்ணாக்கு வாடை. அந்த வாடையோடு கோயிலுக்குள் போக நாணி, காலையில் குளத்தில் முழுகிய பிறகு முதலில் ஆலயத்துக்குத்தான் செல்வார். செக்கு அதற்கப்புறம்தான்.

அவ்வூர்ப் பெருமானுக்கு ஆடலுகந்தார் என்று பெயர். அம்மை வென்றநாயகி. இருவரும் பள்ளியறையில் சதுரங்கம் ஆடுவார்கள் என்பது ஊரார் நம்பிக்கை. அதற்கென்று பலாமரத்தில் கருங்காலிக் கட்டங்கள் பதித்த பலகை ஒன்று இருந்தது. மாலையில் அதை உள்ளே வைப்பார்கள். காலையில் குருக்கள் வெளியே கொணர்வார். அந்தப் பலகையைப் பேணுவதே சாத்தையனார் ஏற்றுக்கொண்ட தொண்டு. முதலில் உலர்ந்த பழந்துணியால் தூசியைத் தட்டுவார். ஆளிவிதை எண்ணெயில் தேன்மெழுகை உருக்கி ஆறவைத்ததை விரல் நுனியளவு எடுத்து, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தடவுவார். சற்றுப் பொறுத்து, மிச்சம் ஒட்டாதபடி வேறொரு துணியால் தேய்த்தெடுப்பார். தேய்க்கும்போது அவர் கண்கள் தாமாகக் கசியும். "அம்மா, நேற்று யார் ஜெயித்தது?" என்று சன்னதியைப் பார்த்துக் கேட்டுக்கொள்வார்.

அவருக்கும் மனைவி காத்தாயி அம்மைக்கும் ஒரே மகள், உலகம்மை. ஐப்பசி அடைமழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து கேட்கவில்லை. மழை விடுவதற்கு முன் அவள் போய்விட்டாள்.

சாத்தையனார் அழவில்லை. அழக்கூடாதென்று அடக்கியதும் இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு போனார், மண் போட்டார், திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். சோறு வைத்தால் உண்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. செக்கில் எள் நசுங்கி எண்ணெய் இறங்கும்போது தெருவே மணக்கும். அவர் மூக்குக்கு அந்த மணம் எட்டவில்லை.

துக்கம் காக்கும் நாள்களில் அவர் கோயிலுக்குள் செல்லலாகாது. பலகையை வேறொருவர் ஈரத்துணியால் துடைத்து வெயிலில் சாய்த்து வைத்திருந்தார். தீட்டுக் கழிந்து அவர் வந்தபோது மெழுகு வெளுத்து, ஓரத்துக் கட்டமொன்று லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. முன்பாயிருந்தால் துடித்திருப்பார். இப்போது உட்கார்ந்தார், துணியை எடுத்தார், தேய்த்தார்.

கோயில் மணியக்காரர் வில்வமுடையார் அதைக் கண்டு நின்றார். "பெத்த பொண்ணு செத்துக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடலயாமே! மரத்தத் தேச்சுத் தேச்சு மரமாவே போயிட்டியாய்யா?" என்றார். உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். அது சாத்தையனாருக்குச் சுடவில்லை. ரேகை ஓடும் திசையில் கை போய்க்கொண்டிருந்தது.

சுட வேண்டிய சொல் வீட்டில் வந்தது. ஒருநாள் காத்தாயி அம்மை சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு அவர் எதிரில் நின்றார்.

"ஒருத்தியாவே அழுதுக்கிட்டிருக்கேன். நீங்க அவளுக்குத் தகப்பன்தானா?"

"அழுவ வரல, காத்தாயி."

"பலகயத் தொடைக்க மட்டும் வருதோ?"

சாத்தையனார் அந்தக் கேள்வியோடு படுத்தார். அந்தக் கேள்வியோடு எழுந்தார். மறுநாள் காலை குருக்கள் பலகையைக் கொணர்ந்து கொடுத்தபோது கைநீட்டி வாங்கவில்லை.

"சாமி, வேற ஆளப் பாத்துக்குங்க. எனக்குள்ள பத்தி இல்ல. அம்பாளப் பாத்தாலும் ஒண்ணும் தோணல. கை மட்டுந்தான் வருது. வெறுங் கையால செய்யிறது பாவமில்லீங்களா?"

குருக்கள் வைத்தியநாதர், "நேக்குச் சொல்லத் தெரியலடா சாத்தையா. இன்னிக்கு மாத்திரம் தொடச்சு வச்சுட்டுப் போ. நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று பலகையை மண்டபத்தில் வைத்துவிட்டு அபிஷேக நீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனார்.

சாத்தையனார் அமர்ந்து மெழுகைத் தொட்டார். பாதிப் பலகை தேய்த்திருப்பார். எதிரே யாரோ வந்து சம்மணமிட்டு உட்காரும் அரவம் கேட்டது. நிமிர்ந்தார். பச்சைப் பாவாடை உடுத்திய சிறுமி ஒருத்தி, கன்னத்தில் கையூன்றிப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் அவர் காணாத முகம்.

"அப்பா, நேத்து நாந்தான் ஜெயிச்சேன்" என்றாள்.

சாத்தையனார் துணியைப் பிடித்தபடியே இருந்தார்.

"தெனம் என்கிட்ட கேப்பீங்க. இப்பல்லாம் கேக்கறதே இல்லயே! அதான் நானே சொல்ல வந்தேன்."

"எனக்கு... ஒண்ணும் கேக்கத் தோணலம்மா."

"தெரியும்ப்பா. நீங்க வர முடியாதப்ப உங்க கை வந்துச்சு. எங்களுக்கு அது போதும்." சிறுமி எட்டி, மெழுகு படிந்த அவர் விரல்களைப் பற்றினாள். "நோவுதா?"

அப்போதுதான் நொந்தது. ஐப்பசியிலிருந்து நோகாமலிருந்ததெல்லாம் ஒருசேர நொந்தது. "உலகம்மா!" என்று அலறினார் சாத்தையனார். கண்ணீர் பொலபொலவென்று பலகைமேல் விழுந்தது. ஈரம் பட்டால் கறையாகுமே என்று பதறித் துணியை எடுத்தார்.

"தொடைக்காதீங்கப்பா, இருக்கட்டும்" என்றாள் அவள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது எதிரில் எவருமில்லை.

அலறல் கேட்டு ஓடிவந்த குருக்கள் சன்னதியை நோக்கினார். அம்மைக்கு முந்தைய இரவு அவர் சாத்திய முல்லை மாலை அங்கே இல்லை. அது செக்காட்டியின் கழுத்தில் கிடந்தது. நடந்ததைக் கேட்டவர் குடத்தை இறக்கிவிட்டுக் கைகூப்பினார்.

"சாத்தையரே, அவ உம்மைத் தேடிண்டு வந்திருக்காளே! நான் இத்தனை நாள் பூஜை பண்றேன், நேக்கு வாய்க்கலயே!"

செய்தி பரவுமுன் சாத்தையனார் மாலையோடு வீடு சேர்ந்தார். காத்தாயி அம்மை முற்றத்தில் முறத்தோடு இருந்தார். அருகில் உட்கார்ந்து, மனைவியின் தோளில் முகம் வைத்துக் குழந்தைபோல் அழுதார். எதற்கென்று அந்த அம்மையார் கேட்கவில்லை. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தாமும் அழுதார்.

அதன்பின் சாத்தையனார் நெடுங்காலம் வாழ்ந்து, அதே தொண்டைச் செய்து, ஆடலுகந்தார் அடிசேர்ந்தார். உருகித் தொழுதவரைப் போற்றுவோர் பலர் உண்டு. உருக இயலாத நாளிலும் தொண்டினை விடாத இந்த எளியவரையும் அவர்களோடு சேர்த்து வணங்குவோம். நெஞ்சு வறண்ட வேளையில் அவர் நினைவு நமக்குத் துணையாகும்.