அரங்கநாயகத்தின் மூன்று தூளிகள்

"மூணுலயும் தூக்கம் வரல அம்மா. எது சரின்னு நீங்கதான் சொல்லணும்."

அரங்கநாயகம் இப்படிக் கேட்டபோது தவமணி அம்மா முறத்தில் மிளகு ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எந்த மூணு?" என்றார்.

அரங்கநாயகம் நேற்றும் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின நாளும் சொல்லியிருந்தார். ஆனாலும் முகம் கோணாமல் மறுபடி முதலிலிருந்து சொன்னார். நூல் வலைத் தூளி ஒன்று. பாராசூட் துணித் தூளி ஒன்று. இரண்டு முனையிலும் கம்பு வைத்து, கட்டில் மாதிரி விரிந்து நிற்கிற தூளி ஒன்று.

அம்மா ஒரு சருகை எடுத்து எறிந்தார்.

"மூணும் நல்லதுதான் ஐயா."

அரங்கநாயகம் திரும்பி நடந்தார். வரும்போது ஒரு குழப்பம்தான் இருந்தது. போகும்போது அதற்குத் துணைக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

*

மலையில் ஓடையைத் தாண்டி, காடு அடர்கிற இடத்தில் அம்மா இருந்தார். வயது ஐம்பது ஆகியிருக்காது. நிம்மதி தேடி அவரிடம் வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர் பெரியவர்களை ஐயா என்பார், அவர்கள் அவரை அம்மா என்பார்கள். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

வந்தவர்களுக்குக் குடிசை கிடையாது. மரம் வெட்டக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. தரையில் படுக்கவும் வழியில்லை. மழை தொடங்கிவிட்டால் இலைக்கு ஓர் அட்டை ரத்தம் குடிக்கக் காத்திருக்கும். ஆகவே ஆளுக்கு இரண்டு மரம், நடுவில் ஒரு தூளி, மேலே ஒரு தார்ப்பாய். அவ்வளவுதான் வீடு.

கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. மழை பிடித்துக்கொண்டால் ஓடை யாரையும் கடக்க விடாது. அதற்குள் தூளியில் தூங்கப் பழகாதவர் கீழே இறங்கிவிட வேண்டும். மழைக்காலம் முழுவதும் கண் மூடாமல் கிடக்கிறவரை மலையில் வைத்துக்கொள்ள அம்மா ஒப்புவதில்லை. மறுபடி கோடையில் வரலாம்.

அரங்கநாயகம் போன மழைக்கு முன் அப்படி இறங்கிப் போனவர்தான்.

மனைவி போன பிறகு வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் உடனே எழுந்துவிடத் தோன்றியது அவருக்கு. கூடத்தில் உட்கார்ந்தால் அடுப்படிக்குப் போகத் தோன்றும், அடுப்படியில் நின்றால் வாசலுக்கு. இங்கே மட்டும்தான் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடிந்தது. இன்னொரு கோடைக்கு இந்த முழங்கால் மலையேறும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. இந்த முறை இறங்கினால் இறங்கியதுதான்.

அதனால்தான் ஒன்றுக்கு மூன்றாகத் தூளி கொண்டுவந்திருந்தார்.

*

ஈரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குச் சரக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர். துணியைக் கண்ணால் பார்க்க மாட்டார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு. எந்த ஊர்த் தறி, எத்தனை துவைப்பு தாங்கும் என்று சொல்லிவிடுவார். சொன்னது தவறியதில்லை.

முதலில் நூல் தூளியைக் கட்டினார். காற்று நன்றாக வந்தது. ஆனால் பொழுது விடிவதற்குள் கண்ணிலும் மூக்கிலும் தூசு. நூலைத் தேய்த்துப் பார்த்தார். முறுக்கு போதாத நூல், உதிர்கிறது என்று முடிவு கட்டினார்.

அடுத்தது பாராசூட் துணி. வழவழப்பான துணி, நல்ல தையல். ஆனால் புரண்டால் காதருகே டிக், டிக் என்று ஒரு சத்தம். இரும்புக் கொக்கியில்தான் குறை என்று நினைத்தார். கொக்கிக்குத் துணி சுற்றினார். சத்தம் நிற்கவில்லை.

கடைசியாகக் கம்புத் தூளி. அதில் முதுகு நேராக இருந்தது. ஆனால் விடியும்போது தலைப்பக்கம் தாழ்ந்து, கால் மேலே போயிருக்கும். கயிறு இழுபடுகிறது என்று கயிற்றை மாற்றினார். புதுக்கயிறும் இழுபட்டது.

இப்படி மூன்றையும் மாற்றி மாற்றிக் கட்டினார். ஒன்றின் குறையை மறக்க இன்னொன்று, அதன் குறையை மறக்க மற்றொன்று.

கூட இருந்தவர்களிடமும் கேட்டுப் பார்த்தார். யோகாம்பாள் பள்ளிக்கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தவர். பாராசூட் துணியில் படுத்தால் தாய் மடி மாதிரி இருக்கும் என்றார். பரஞ்சோதி பஸ் கண்டக்டராக இருந்தவர். அந்தத் துணியில் படுத்தால் பொட்டலம் கட்டின மாதிரி இருக்கும், நூல்தான் மனிதனுக்கு ஏற்றது என்றார். மறுநாள் கேட்டபோது யோகாம்பாள் தனக்கே நூல் தூளி பழகியிருக்கலாமோ என்று சந்தேகமாக இருப்பதாகச் சொன்னார். பரஞ்சோதி கம்புத் தூளியை ஒரு தரம் படுத்துப் பார்க்கக் கொடுக்க முடியுமா என்றார்.

அரங்கநாயகத்துக்குத் தலை கிறுகிறுத்தது.

மூன்றையும் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி அம்மாவிடமே போனார். கடையில் மேசை மேல் விரிப்பது போல ஒவ்வொன்றாக உதறி விரித்தார். நெசவைப் பற்றிச் சொன்னார், தையலைப் பற்றிச் சொன்னார். தூசு, சத்தம், சாய்வு ஒன்றும் விடாமல் சொன்னார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டார். பாராசூட் துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் முறத்தில் இருந்த மிளகைக் கொண்டுவந்து அதன் மேல் கொட்டி, கையால் பரப்பிவிட்டு, வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இதற்கு என்ன பொருள் என்று அரங்கநாயகம் அங்கேயே உட்கார்ந்து யோசித்தார். படுக்கை என்பது படுக்க அல்ல என்கிறாரா? காய வேண்டும் என்கிறாரா? உறைப்பு வேண்டும் என்கிறாரா?

சாயங்காலம் அம்மா வந்து மிளகை அள்ளிக்கொண்டார்.

"நல்லாக் காஞ்சிருச்சு," என்றார்.

அன்று இரவு பாராசூட் துணியில் சத்தமும் இருந்தது, மிளகு நெடியில் தும்மலும் சேர்ந்துகொண்டது.

*

பிறகு ஒரு நாள் காற்று திரும்பியது. மேற்கே மேகம் கறுத்துத் தணிந்தது.

மழைக்கு முந்தைய பகலில் அந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்று யாரும் தங்கள் தூளியில் படுக்க மாட்டார்கள். ஒருவர் தூளியில் இன்னொருவர் படுப்பார், கட்டியவர் பக்கத்தில் நிற்பார். படுத்தவர் எழுந்திருக்கும்வரை நிற்க வேண்டும். யார் எதில் என்று அம்மா சொல்வார். ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை.

பரஞ்சோதிக்கு யோகாம்பாளின் தூளி வந்தது. யோகாம்பாளுக்குப் பரஞ்சோதியின் தூளி.

"ஐயாவோடதுல நான்," என்றார் அம்மா.

அரங்கநாயகத்துக்குக் கை ஓடவில்லை. எதைக் கட்டுவது? நூலைக் கட்டினார், அவிழ்த்தார். கம்பை எடுத்தார், வைத்தார். நடுவில் பரஞ்சோதி ஒரு நடை வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, உங்க கடைக்குக் கல்யாணப் பொடவை எடுக்க வந்தவங்ககூட இத்தன நேரம் பாத்திருக்க மாட்டாங்க."

"நீ போய்ப் பொட்டலத்துல படு," என்றார் அரங்கநாயகம்.

கடைசியில் பாராசூட் துணிதான் கட்டப்பட்டது. அது சரி என்று பட்டதனால் அல்ல. அம்மா வருவது தெரிந்தபோது கையில் இருந்தது அது.

அரங்கநாயகத்தின் இடம் எல்லாருக்கும் தள்ளி, ஒரு மூலையில் இருந்தது. குறட்டை விடுவோமோ என்ற கூச்சத்தில் அவர் தேர்ந்த இடம் அது. அங்கே மற்றவர்கள் வருவது அபூர்வம். இரண்டு மரங்களும் அளந்து நட்டது போல் நின்றன. கால்பக்கம் ஒரு பலா. தலைப்பக்கம் நெடுக வளர்ந்த ஒரு மரம், கொடி படர்ந்து பச்சைப் பட்டு சுற்றியது போல் இருந்தது. கயிறு வழுக்காது என்று முதல் நாளே தடவிப் பார்த்து அதைப் பிடித்துப்போயிருந்தது அவருக்கு. அன்று புழுக்கம் தாங்காமல் தார்ப்பாயைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்.

அம்மா வந்ததும் ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். மேகத்தைப் பார்க்கிறார் என்று அரங்கநாயகம் நினைத்துக்கொண்டார்.

பிறகு துணியை விரித்து உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்து, படுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

அரங்கநாயகம் தலைப்பக்கம் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதியவனைப் போல நின்றார். தூளி ஆடியது. துணி சுருங்குகிறதா என்று பார்த்தார். தையல் விரிகிறதா என்று பார்த்தார். இரண்டும் இல்லை.

அம்மாவின் கன்னத்தில் ஏதோ விழுந்தது. மாவு போல, கொஞ்சம்.

அவர் துடைக்கவில்லை.

அரங்கநாயகம் குனிந்து பார்த்தார். தூசு. ஆனால் தூசு விழுவது நூல் தூளியில் அல்லவா? இது பாராசூட் துணி. இதில் உதிர நூலே கிடையாது.

டிக்.

கொக்கியைப் பிடித்தார். கொக்கி அசையவே இல்லை.

டிக், டிக்.

தான் படுத்திருந்த நாளெல்லாம் அது காதருகே கேட்டது. நின்றுகொண்டு கேட்டபோது தலைக்கு மேலே, மரத்துக்குள் கேட்டது.

கயிறு சுற்றியிருந்த இடத்தில் கொடியை விலக்கினார். கயிறு மரத்தை அறுத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. விரலை வைத்தார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் வழக்கப்படி தேய்க்கப் போயின. தேய்க்க ஒன்றும் அகப்படவில்லை. ஈரமான ரொட்டிக்குள் போவது போல விரல் மரத்துக்குள் போய்விட்டது.

அண்ணாந்து பார்த்தார்.

கொடி பாதி உயரத்தோடு நின்றுவிட்டிருந்தது. அதற்கு மேல் ஓர் இலைகூட இல்லை. கறுத்த மேகத்துக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகப் பட்டுப்போன கிளைகள் மட்டும் நின்றன. மேற்கிலிருந்து காற்று மரம் மரமாக வந்துகொண்டிருந்தது.

"அம்மா, இறங்குங்க."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"ஐயா, இது மூணுல எது?"

அரங்கநாயகம் துணியைப் பார்த்தார். அதில் ஒரு மனுஷி படுத்திருப்பது மட்டும்தான் தெரிந்தது. அவர் ஏற்கெனவே குனிந்து அம்மாவின் தோளுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்திருந்தார்.

"தெரியல அம்மா. கையக் குடுங்க."

அம்மா கையைக் கொடுத்தார்.

"அப்ப இந்த மழைக்கு இங்கயே இருங்க," என்றார்.